ஊர் போலீஸுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கச் சிற்றூர்த் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கச் சிற்றூர்களில் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ குடியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

புது ஊருக்குக் குடிபோகும்போது நாம் விசாரிப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் எப்படி, பிராப்பர்ட்டி டாக்ஸ் எவ்வளவு, இருட்டின பிறகு தெருவில் நடக்கலாமா. கடைசிக் கேள்விக்கு, "பயமே இல்லை, போலீஸ் எப்போதும் ரோந்தில் இருக்கும்" என்று பதில் வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த போலீஸுக்கு யார் சம்பளம் தருகிறார்கள், எந்தப் பணத்திலிருந்து தருகிறார்கள் என்று நம்மவர்களில் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

கேட்கும் பழக்கம் நமக்கு வராததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் காவல்துறை மாநில அரசின் துறை. கான்ஸ்டபிளிலிருந்து டிஜிபி வரை எல்லோருக்கும் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து போகிறது. பேரூராட்சிக்கு வீட்டு வரி வசூலானாலும் ஆகாவிட்டாலும் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடப்போவதில்லை, குறையப்போவதும் இல்லை. அந்த நினைப்போடுதான் இங்கே வந்து இறங்குகிறோம். இங்கே ஏற்பாடு வேறு. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஊருக்கு ஊர் தனித்தனியாக நடப்பவை. ஊர் போலீஸ் துறைகளில் ஏறக்குறைய பாதியில் பத்துப் பேருக்கும் குறைவான அதிகாரிகளே இருக்கிறார்கள். எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, என்ன சம்பளம், எந்த வண்டி என்பதையெல்லாம் முடிவு செய்வது உங்கள் ஊரின் சிட்டி கவுன்சில். சூப்பர் மார்க்கெட்டில் உங்கள் முன்னால் வரிசையில் நிற்கும் மனிதர் அந்தக் கவுன்சிலில் ஒருவராக இருக்கலாம்.

உங்கள் ஊர் இணையதளத்தில் பட்ஜெட் என்று ஒரு பிடிஎஃப் இருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள். ஊரின் பொதுச் செலவுக் கணக்கான ஜெனரல் ஃபண்ட் என்ற தலைப்பில்தான் விஷயம் இருக்கிறது. வரவுப் பக்கத்தில் பிராப்பர்ட்டி டாக்ஸ், சேல்ஸ் டாக்ஸில் ஊருக்கு வரும் பங்கு, லைசென்ஸ் கட்டணங்கள், மாநில அரசு தருவது. செலவுப் பக்கத்தில் பெரும்பாலும் போலீஸ்தான் முதலிடத்தில் நிற்கும். அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் துப்பாக்கியும் வண்டியும் சின்ன எண்கள். சம்பளம், ஓவர்டைம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் இவைதான் மலை. மனிதர்களுக்குப் போகும் செலவு என்பதால் திடீரென்று குறைக்க முடியாது. ஆனால் வரவோ திடீரென்று குறையும். நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த பெரிய கடை ஒன்று பக்கத்து ஊருக்கு மாறினாலே சேல்ஸ் டாக்ஸில் ஓட்டை விழுந்துவிடும்.

அந்த ஓட்டையை எதைக்கொண்டு அடைக்கிறார்கள் என்பதில்தான் ஊர் போலீஸின் குணம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் மார்ஷல் என்ற ஊர்க் காவல் அதிகாரிக்கு முழுச் சம்பளம் என்று ஒன்று இல்லை. கைதுக்கு இவ்வளவு, சம்மன் கொடுத்தால் இவ்வளவு என்று கட்டணக் கணக்கில் பிழைத்தார்கள். மேயரே நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் வழக்கமும் சில மாநிலங்களில் இருந்தது. ஒஹையோவில் மதுவிலக்குக் காலத்தில் மதுவை வைத்திருந்ததாகப் பிடிபட்ட ஒருவரை நார்த் காலேஜ் ஹில் என்ற ஊரின் மேயர் முன்னால் நிறுத்தினார்கள். மேயர் 100 டாலர் அபராதம் விதித்தார். அந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானால் மட்டும் மேயருக்கு 12 டாலர் கிடைக்கும். விடுதலை செய்தால் ஒன்றும் கிடையாது. 1927இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. தலைமை நீதிபதியாக இருந்து அந்தத் தீர்ப்பை எழுதியவர் முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட்.

சரி, மேயரின் சட்டைப்பைக்குப் போகவில்லை, ஊர்க் கஜானாவுக்குத்தான் போகிறது என்றால் பரவாயில்லையா? இந்தக் கேள்வியும் ஒஹையோவிலிருந்தே வந்தது. மன்ரோவில் என்ற சிற்றூரில் 1964இல் ஊரின் மொத்த வருமானம் 46,355 டாலர். அதில் 23,589 டாலர் மேயர் நடத்திய கோர்ட்டிலிருந்து வந்த அபராதமும் கட்டணமும். பாதிக்கு மேல்! 1972இல் உச்ச நீதிமன்றம் இதையும் ஏற்கவில்லை. ஊரின் வரவுசெலவுக்குப் பொறுப்பான ஒருவர் ஊருக்கு வருமானம் தரும் வழக்கில் நடுநிலையாக இருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். எனக்கு இந்த வழக்கின் மேல் தனிப் பிரியம். நீதிபதியைப் பற்றிச் சொன்ன அதே நியாயம் டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதும் அதிகாரிக்கும் அவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கவுன்சிலுக்கும் பொருந்தாதா என்று அப்போதே யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் பின்னால் நடந்த பல கொடுமைகள் குறைந்திருக்கும்.

அதே 1972இல் இன்னொன்றும் நடந்தது. நிக்சன் கையெழுத்திட்ட வருவாய்ப் பகிர்வுச் சட்டம். மத்திய அரசு வசூலித்த வரியில் ஐந்து ஆண்டுகளுக்கு 3,020 கோடி டாலரை மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் அதிக நிபந்தனை இல்லாமல் கொடுத்தது. மூன்றில் இரண்டு பங்கு ஊராட்சிகளுக்கும், நம் மாவட்டம் மாதிரியான கவுண்டிகளுக்கும். போலீஸ், தீயணைப்புச் செலவுக்கு நிறைய ஊர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. 1986இல் ரீகன் ஆட்சியில் அது நின்றுபோனது. இடையில், 1978இல் கலிபோர்னியா வாக்காளர்கள் பிராப்பர்ட்டி டாக்ஸுக்கு உச்சவரம்பு கட்டினார்கள். 1980இல் மாசசூசெட்ஸும் அதே வழியில் போனது. மேலேயிருந்து வந்த பணமும் நின்றது, கீழேயிருந்து வாங்குவதற்கும் பூட்டு விழுந்தது. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் 1994. கிளின்டன் காலத்துக் குற்றத்தடுப்புச் சட்டம். நாடு முழுக்க 1,00,000 போலீஸ்காரர்களைத் தெருவுக்குக் கொண்டுவர 880 கோடி டாலர் திட்டம். 50,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்து, விண்ணப்பத்தை மிகச் சுருக்கமாக்கிக் கொடுத்தார்கள். ஓர் அதிகாரிக்கு மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 75,000 டாலர், செலவில் நான்கில் மூன்று பங்கு வரை. மீதியை ஊர் போட வேண்டும். மானியம் தீர்ந்த பிறகும் அந்த அதிகாரியை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கவுன்சில் உறுப்பினர்களின் இடத்தில் நின்று பாருங்கள். நான்கு பேர் இருந்த துறை ஆறு பேர் ஆகிறது, ஊரே கைதட்டுகிறது, வரி ஏறவில்லை. நான்காவது ஆண்டில் ஆறு பேர் சம்பளமும் முழுசாக ஊர் தலையில். கைதட்டிய யாரும் அப்போது வரியை ஏற்றச் சொல்ல மாட்டார்கள்.

மானியங்களை மொத்தமாகக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நேரத்துக்கு வந்து நிற்க ஆள் இல்லாத ஊர்களுக்கு அவை ஆள் கொடுத்தன. ராணுவத்தின் உபரித் தளவாடங்களை ஊர் போலீஸுக்குக் கொடுக்கும் 1033 திட்டமும் அப்படித்தான்: பொருள் இலவசம், கொண்டுவரும் செலவும் பராமரிப்பும் ஊருடையது. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் ஆண்டுச் செலவை எழுதிப் பார்க்காமல் கை தூக்குகிற கவுன்சில்தான் என் கவலை.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். அபராதம்.

மிசூரியில் ஃபெர்குசன் என்றால் 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதற்குப் பிந்தைய போராட்டமும்தான் நினைவுக்கு வரும். 2015 மார்ச்சில் மத்திய அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்கள் குறைவு. தயவுசெய்து படியுங்கள். 21,000 பேர் வாழும் ஓர் ஊரின் போலீஸ் எப்படி வசூல் இலாகாவாக மாறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை. 2010 நிதியாண்டில் ஊரின் ஜெனரல் ஃபண்டில் கோர்ட் அபராதமும் கட்டணமும் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர், கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. 2015 பட்ஜெட்டில் எதிர்பார்த்தது 30 லட்சத்து 90 ஆயிரம், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இது தானாக ஏறவில்லை. 2010 மார்ச்சில் ஊரின் நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு எழுதிய கடிதம் அறிக்கையில் இருக்கிறது: சேல்ஸ் டாக்ஸில் பெரிய பற்றாக்குறை தெரிகிறது, டிக்கெட் எழுதுவது வேகமெடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கஷ்டம் என்று அதில் சொல்கிறார். எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கணக்குப் பார்க்கிற வேலையைத்தான் அவர் பார்த்தார். ஆனால் அந்த ஒரு கடிதத்தில் ஊர்க்காவல் வேறொன்றாக மாறிவிட்டது.

அந்தக் கணக்கின் மறுமுனையில் நின்ற ஒரு பெண்ணின் கதையும் அதே அறிக்கையில் இருக்கிறது. 2007இல் ஒரே ஒருமுறை காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார். இரண்டு டிக்கெட், 151 டாலர் அபராதம், மேலே கட்டணங்கள். அவர் கையில் பணம் இல்லை. சில காலம் தங்க வீடும் இல்லை. கோர்ட்டுக்கு வரவில்லை என்று ஏழு முறை குற்றம் சாட்டி, ஒவ்வொரு முறையும் வாரண்டும் புது அபராதமும். இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. நடுவில் 25 டாலரும் 50 டாலரும் கட்டப் பார்த்தார். முழுத் தொகை இல்லையென்று கோர்ட் திருப்பி அனுப்பியது. 2014 டிசம்பரில் அவர் கட்டியிருந்தது 550 டாலர். இன்னும் பாக்கி 541. ஏழு ஆண்டுகள், ஒரு பார்க்கிங் தவறுக்கு. அந்த ஊரில் கறுப்பின மக்கள் 67 சதவீதம். டிக்கெட் வாங்கியவர்களில் அவர்கள் 90 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம். பணத்துக்காக வலை வீசும்போது அது எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. எதிர்த்துக் கேட்க வக்கீல் வைக்க முடியாதவர்கள் மேல்தான் விழுகிறது.

இது ஃபெர்குசனோடு போகவில்லை. அலபாமாவில் பர்மிங்ஹாம் பக்கத்தில் புரூக்சைட் என்று ஓர் ஊர், மக்கள்தொகை 1,253. 2018இல் அபராதமும் பறிமுதலுமாக ஊருக்கு வந்தது 82,467 டாலர். 2020இல் 6,10,307. ஊர் வருமானத்தில் பாதி. குழந்தை குட்டி உட்பட ஆளுக்கு 487 டாலர் விழுகிறது, ஆனால் கட்டியவர்களில் பெரும்பாலோர் பக்கத்து நெடுஞ்சாலையில் போனவர்கள். உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் 2022 தொடக்கத்தில் இதை வெளியே கொண்டுவந்த பிறகு போலீஸ் தலைவர் விலகினார், மாநிலச் சட்டமன்றம் அதே ஆண்டில் வரம்பு கட்டியது. புளோரிடாவில் வால்டோ என்ற ஊரில் 12 மணி நேர ஷிஃப்டுக்கு இத்தனை டிக்கெட் என்று கோட்டா வைத்திருப்பதாக அதிகாரிகளே கவுன்சில் கூட்டத்தில் எழுந்து சொன்னார்கள். 2014இல் துறையே கலைக்கப்பட்டது. அந்த அதிகாரிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒஹையோவில் நியூ ரோம் என்ற 60 பேர் ஊர் இதே வழியில் போய், 2004இல் ஊர் என்ற அந்தஸ்தையே இழந்தது.

பறிமுதல் என்று சொன்னேன். 1984 சட்டத்துக்குப் பிறகு, குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகப்பட்டுக் கைப்பற்றும் பணத்தையும் வண்டியையும் மத்திய அரசு வழியாக எடுத்து, அதில் 80 சதவீதம் வரை உள்ளூர் போலீஸ் திரும்பப் பெறலாம். குற்றம் நிரூபணமாக வேண்டும் என்று பல மாநிலங்களில் கட்டாயம் இல்லை. டெக்சஸின் டெனாஹாவில் நெடுஞ்சாலையில் போனவர்களிடம் ரொக்கத்தையும் பொருளையும் எடுத்துக்கொண்டதாகக் கூட்டு வழக்கு நடந்து 2012இல் சமரசம் ஆனது. இண்டியானாவில் அதிகபட்ச அபராதமே 10,000 டாலராக இருந்த குற்றத்துக்கு 42,000 டாலர் காரை எடுத்துக்கொண்ட வழக்கில், அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பு மாநிலங்களையும் உள்ளூர் ஆட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்?

நம் வட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "வெளியூர்க்காரன் வேகமாப் போனா கட்டட்டும், நம்ம டாக்ஸ் ஏறாம இருந்தா சரி." வேகமாகப் போனவர் கட்டத்தான் வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. பள்ளிக்கூட வாசலில் 50 மைல் வேகத்தில் போகிறவரை நிறுத்துவது போலீஸின் வேலை. என் எதிர்ப்பு ஒரே இடத்தில்தான்: அந்தப் பணம் ஊர் பட்ஜெட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது, வராவிட்டால் ஒருவருக்குச் சம்பளம் இல்லை என்ற நிலை. அங்கே வந்துவிட்டால், மக்கள் ஒழுங்காக வண்டி ஓட்டுவது ஊருக்கு நஷ்டமாகிவிடுகிறது. வேகம் குறைந்த தெரு, பட்ஜெட்டில் பற்றாக்குறை. இதைவிட விபரீதம் வேறென்ன?

பட்ஜெட்டில் அபராதத்தை நம்பாதீர்கள் என்று சொன்னால் பிராப்பர்ட்டி டாக்ஸ் கொஞ்சம் ஏறும். மறைக்காமல் சொல்கிறேன். நாம் வரியைப் பற்றி எவ்வளவு புலம்புகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கட்ட வேண்டும் என்பதே என் கருத்து. ஊர்க்காவல் எல்லோருக்குமான பொதுக் காரியம். அதன் செலவை எல்லோரும் அவரவர் வசதிப்படி சுமக்கிற ஒரே வழி வரிதான். அபராதத்தை நம்பினால் அதே செலவை பிரேக் லைட் மாற்றக் காசில்லாதவர் தலையில் வைக்கிறோம். அவர் நம் தெருவில் குடியிருக்க மாட்டார், நம் வாட்ஸப் குழுவிலும் இருக்க மாட்டார், அதனால் நமக்குத் தெரியாமல் போகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஊர் தர வேண்டியதைத் தராவிட்டால் போலீஸே இருக்காது. மின்னசோட்டாவில் குட்ஹ்யூ என்ற ஊர், 1,300 பேர். 2023இல் போலீஸ் தலைவர் கவுன்சிலிடம் மணிக்கு 22 டாலருக்கு ஆள் கிடைக்கவில்லை, ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அந்த ஆகஸ்டில் அவரும் விலகினார், மற்றவர்களும் விலகினார்கள். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடம் காவலை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஷெரிஃபோடு ஒப்பந்தம் போடுவது தவறென்று சொல்லவில்லை. பல சின்ன ஊர்களுக்கு அதுவே கட்டுப்படியாகும் வழி. யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், கைவிட்டுப்போன முடிவாக இருக்கக் கூடாது.

இந்த ஆண்டுகளில் இதை உடனே பார்க்க வேண்டியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த மீட்புச் சட்டத்தில் மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் சிற்றூர்களுக்கு மட்டும் 1,950 கோடிக்கு மேல். போலீஸ் சம்பளத்துக்கும் அதைச் செலவிடலாம் என்பதால் பல ஊர்கள் அப்படியே செய்தன. 2024 டிசம்பர் 31க்குள் எதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும், 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்துவிட வேண்டும் என்பது விதி. 1990களில் மானியம் முடிந்த நான்காவது ஆண்டில் ஊர்கள் பார்த்ததைத்தான் இப்போது மறுபடியும் பார்க்கப்போகிறோம். பற்றாக்குறை வரும் ஆண்டில்தான் நிதி அதிகாரிகள் போலீஸ் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள்.

"நான் ஹெச்-1பியில் இருக்கிறேன், ஓட்டே கிடையாது, நான் போய் என்ன பேசுவது?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பட்ஜெட் பற்றிய பொது விசாரணைக் கூட்டத்தில் பேச வாக்குரிமை தேவையில்லை. பொதுவாகப் பேரையும் ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். வீட்டுக்காரர் வரி கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் வாடகைக்குள் அதே வரியைக் கட்டுகிறார். இங்கிலீஷ் கோர்வையாக வராது என்றால் எழுதிக்கொண்டுபோய் வாசியுங்கள், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கள் ஊரில் நான் போன ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். மடக்கு நாற்காலிகள் நிறையப் போட்டிருந்தார்கள், உட்கார ஆள் இல்லை. போலீஸ் தலைவர் பழைய ரோந்துக் கார் ஒன்றை மாற்ற வேண்டும் என்று படம் காட்டிப் பேசினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு முதிய பெண்மணி எழுந்தார். கையில் பட்ஜெட் பக்கங்களை அச்சிட்டு மடித்து வைத்திருந்தார். "அபராத வரவு போன ஆண்டைவிட அதிகமாகப் போட்டிருக்கிறீர்களே, ஏன் அப்படி எதிர்பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நிதி அதிகாரி தாளைப் புரட்டினார். கடந்த சில ஆண்டுகளின் போக்கை வைத்துப் போட்ட எண் என்றார். "அப்படியானால் அந்த எண்ணைப் போலீஸுக்கு இலக்காகச் சொல்ல மாட்டீர்கள் என்று பதிவு செய்துகொள்ளலாமா?" என்றார் அந்த அம்மா. மேயர் மைக்கை இழுத்து, பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த வாக்கியம் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. நாளைக்கு யாராவது அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போலீஸ் தலைவர் அறைக்குப் போனால், அதைக் காட்டிக் கேட்க முடியும்.

அந்த அம்மா கேட்டதைப் போலத்தான் நீங்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். பட்ஜெட்டின் வரவுப் பக்கத்தில் 'ஃபைன்ஸ் அண்ட் ஃபார்ஃபீச்சர்ஸ்' (அபராதமும் பறிமுதலும்) என்ற இனத்தைக் கண்டுபிடியுங்கள். ஐந்தாறு ஆண்டு பட்ஜெட்டை வரிசையாக வைத்து அது எப்படி ஏறியது, இறங்கியது என்று பாருங்கள். நம்மில் எக்செல் தெரியாதவர் யார்? திடீரென்று ஏறியிருந்தால் அதே ஆண்டில் எந்த வரவு குறைந்தது, எந்த மானியம் முடிந்தது என்று பாருங்கள். மானியத்தில் வேலைக்கு வந்த அதிகாரிகள் எத்தனை பேர், மானியம் தீர்ந்ததும் சம்பளம் எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. டிக்கெட் எண்ணிக்கையை வைத்து அதிகாரிகளின் வேலையை மதிப்பிடுகிறார்களா என்பதையும் விடாதீர்கள். இணையதளத்தில் இல்லாத விவரத்தை மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். கவுன்சிலிடம் நான் வைக்கும் கோரிக்கையை நீங்களும் வையுங்கள்: அபராத வரவை அன்றாடச் சம்பளச் செலவுக்கு எண்ணாமல் ஒதுக்கி வைத்து, தெருவிளக்கு, நடைபாதை, பள்ளிப் பக்கத்துச் சாலைத் திருத்தம் மாதிரி ஒருமுறைச் செலவுகளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அந்த வரவு குறைந்தால் எந்த மனிதரின் வேலையும் போகாது, அதனால் யாருக்கும் அதை ஏற்ற அவசரமும் இருக்காது.

மரியாதையாகக் கேளுங்கள். போலீஸ்காரர்களை எதிரியாக நினைத்துப் போகாதீர்கள். வசூலுக்காக டிக்கெட் எழுதச் சொல்வது அவர்களில் பலருக்கே பிடிக்காது. வால்டோவில் எழுந்து நின்றவர்கள் சீருடைக்காரர்கள்தான்.

பல ஊர்களில் நிதியாண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்குகிறது, சில இடங்களில் அக்டோபர் 1, இன்னும் சில இடங்களில் ஜனவரி 1. பொது விசாரணை அதற்குச் சில வாரங்கள் முன்னால் நடக்கும். உங்கள் ஊருக்கு எது என்று இன்றைக்கே கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். தேதி தெரிந்ததும் உங்கள் குழுவில் போடுங்கள். இரண்டு பேராவது சேர்ந்து போங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு சிற்றூர்வாசி